ஆறாம் குகையின் பறவை

ஜூன் 9, திங்கள்

சீ. இதைவிட நல்ல சொல்லோடு இந்த வாரத்தைத் தொடங்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பட்டுச் சேலைக் கம்பெனியில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். எங்கள் முதலாளி தணிகாசலம் ஏதோ ஒரு யூடியூப் பெண்ணுக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். பட்டுச் சேலையைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு, கரையில் வரிசையாக இருக்கும் பறவையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். நானூறு வருடப் பழசாம். அவர் குலதெய்வக் கோயில் தூணில் ராஜா காலத்துச் சிற்பி செதுக்கியதாம். முகூர்த்தத்துக்கு இதைக் கட்டினால் குடும்பம் விருத்தியாகுமாம். அந்தப் பெண்ணும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறது.

அந்தப் பறவை ஒரு பிசாசு. டிவி கேமில் ஆறாம் குகை வாசலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவனையெல்லாம் கொத்திக் கொல்லும் பிசாசு. 2019இல் அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, தறியில் உருவத்தை விழவைக்கும் ஜக்கார்டு அட்டை குத்த அனுப்பியவள் நான். வீடியோவில் என் பெயர் இல்லை. இருந்திருந்தால் இன்னும் கேவலம்.

தயிர்சாதத்தைத் தொடாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் அதே வீடியோ. லைக் ஏறிக்கொண்டே போகிறதாம்.

ஜூன் 12, வியாழன்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து அருணகிரி என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் பேசினாராம். கோயில் சிற்பத்திலிருந்து சேலைக்கு வந்த உருவங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். ஆகஸ்டில் வந்து தூணைப் படமெடுக்க வேண்டுமாம்.

"தூணெல்லாம் சுண்ணாம்பு அடிச்சி மூடிகினு கீது. ஆடி மாசம் திருப்பணியில சொரண்டப் போறோம். எந்தத் தூணுன்னு நீதாம்மா காட்டணும். பார்த்தவ நீதான?" என்றார்.

ஆமாம். பார்த்தவள் நான்தான்.

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். அந்தப் பொய் அவருடையது இல்லை. என்னுடையது.

டிசைனை முதலில் பார்த்த அன்று, இதை எங்கிருந்து எடுத்தாய் என்று ஆசையாகக் கேட்டார். முப்பது வயதைத் தாண்டியவள், டிவி கேமிலிருந்து என்று எப்படிச் சொல்வது? பெரணமல்லூர் பக்கம் ஒரு கோயில் தூணில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் பெரணமல்லூர்? முந்தின நாள் அந்த ஊர் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்த எரிச்சல். வேறு காரணமே இல்லை. ஆனால் அவருடைய குலதெய்வக் கோயில் அந்தப் பக்கம்தான். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறோம், சுண்ணாம்புக்குள்ளே இப்படி ஒன்று இருந்தது தெரியவில்லையே என்றார். சர்ச்சுக்குப் போகிறவள் கோயிலுக்குள் எப்படிப் போனாய் என்றும் கேட்டார். சின்ன வயதில் ஸ்கூல் டூர், அப்போது ஒரு பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது என்றேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இவருக்கு இரண்டே போதுமானதாக இருந்தது.

நான் பிறந்ததிலிருந்து எந்தக் கோயில் படியையும் மிதித்ததில்லை.

சுரண்டினால் தூணில் பறவை இருக்காது. இவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பதினெட்டுத் தறி அந்தப் பறவையில்தான் ஓடுகிறது. ஆகஸ்டில் நான் எதைக் காட்டுவேன்?

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பாஸ்டர் எதைப் பிரசங்கம் பண்ணினாலும் எனக்கே சொல்வதுபோல் இருந்தது. இன்று அவர் பேசியது காணிக்கை பற்றி. அதுவும் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஸ்டீவுக்குப் போன் போட்டேன். அந்தக் கேம் செட் சென்னையில் அவன் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் காட்ட. எனக்கு அது வேண்டும். அந்தப் பறவையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். எவ்வளவு திருடினேன் என்று தெரிந்தால்தானே எவ்வளவு ஒத்துக்கொள்வது என்று தெரியும்? நெட்டில் தேடலாம் என்றால் அந்தக் கேமின் பெயர் யாருக்குத் தெரியும்? கேசட்டின் மேல் ஜப்பான் எழுத்து. 1998இல் அப்பா வாங்கி வந்தபோதே லேபிள் பாதி கிழிந்திருந்தது.

குச்சியோடு காட்டுக்குள் போகும் ஒரு சின்னப் பையன், எட்டுக் குகை, ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிசாசு. அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது. பையனுக்குத் தாவீது என்று ஸ்டீவ் பெயர் வைத்திருந்தான். கன்ட்ரோலரை என் கையில் தரவே மாட்டான். "நீ மேப் போடு" என்பான். அப்பா கணக்கு வாத்தியார், வீட்டில் கிராஃப் நோட்டுக்குப் பஞ்சமில்லை. அவன் விளையாடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டத்துக்குக் கட்டம் வழி வரைவேன். ஆறாம் குகையை அவன் தாண்டியதே இல்லை. பறவை தெரியும், தாவீது சாவான், திரை கறுக்கும். அந்த இரண்டு மூன்று வினாடியில் பார்த்ததைத்தான் மேப்பில் வரைந்து வைத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஸ்டீவ் விழுந்து விழுந்து சிரித்தான். "என் பறவைய வச்சி உங்க மொதலாளி பெரிய ஆளாயிட்டாரா?" என்றான்.

அவன் பறவையாம். த்தூ.

ஜூன் 19, வியாழன்

பஸ் பார்சலில் செட் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்துப் போய் மஞ்சளாக, பல் விளக்காதவன் சிரிப்பு மாதிரி இருக்கிறது. கேசட்டை ஊதி ஊதிச் சொருகினேன். நாலாவது தடவை அந்த இசை வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, முப்பத்தேழு வயதில் இது வேறா என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயம்தான்.

ஜூன் 20, வெள்ளி

நான் ஒரு தடவைகூட விளையாடியதில்லை என்பது விளையாட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. முதல் குகைக்கு வெளியே ஒரு தவளையிடம் பதினோரு முறை செத்தேன். தவளையிடம்.

ஜூன் 22, ஞாயிறு

கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சேவ் ஆவதில்லை. செட்டை அணைத்தால் முதலிலிருந்து வர வேண்டும். அதனால் நேற்றிலிருந்து அணைக்காமல் விட்டிருந்தேன். நான்காம் குகை. இன்று நான் ஆராதனையில் இருந்தபோது அம்மா ஈரத்துணியால் துடைத்து, "சூடா கீதே" என்று சுவிட்சை அணைத்திருக்கிறார்.

அம்மாவிடம் கத்திவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். தவளையிடம் திரும்பிப் போனேன்.

ஜூன் 25, புதன்

ஐந்தாம் குகை. கரண்ட் போனது.

ஜூன் 28, சனி

இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டேன். என் பழைய மேப் நோட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது, வழி மட்டும் ஒரு கட்டம் பிசகாமல் சரியாக இருக்கிறது. இரண்டாம் குகையில் இடது சுவரைக் குச்சியால் தட்டினால் திறக்கும் என்று பதினோரு வயதில் எழுதி வைத்திருக்கிறேன். தட்டினேன், திறந்தது.

ஜூலை 2, புதன்

இன்று சாயங்காலம் ஆறாம் குகைக்கு வந்தேன்.

அது அந்தப் பறவை இல்லை.

சாம்பல் நிறத்தில் உருளைக்கிழங்கு மாதிரி ஓர் உருண்டை. இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி மாதிரி சிறகு. கொண்டை கிடையாது. அலகு இருக்கிறதா என்றே தெரியவில்லை. வாலும் இல்லை. அது பறவைதானா, வெளவாலா? யாருக்குத் தெரியும்? குச்சியால் மூன்றே அடி. செத்துப் போயிற்று. இதைத் தாண்டவா ஸ்டீவ் இரண்டு வருஷம் அழுதான்?

டிவி முன்னால் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மேப்பில் ஆறாம் குகை வாசலில் என் பறவை இருக்கிறது. கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, மூன்று பிரிவாகக் கொண்டை, சுருண்ட வால், கோபமான கண். எல்லாம் அன்றைக்கே நான் சேர்த்தது. அந்த உருண்டையைப் பார்த்து நான் எதையுமே எடுக்கவில்லை. இருட்டில் தெரிந்த ஒன்றுக்கு நானாக ஓர் உடம்பு கொடுத்திருக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. ஆறு வருடமாகத் திருடி என்று நினைத்து உள்ளுக்குள் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேனே. நான் போட்டது, நானே போட்டது, அதைத் தூக்கி ஏதோ ஒரு கல்லுக்குக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, இன்னாத்துக்கு? வெட்கமாம். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

புது ரகத்துக்கு அட்டை சரியாக விழுகிறதா என்று பார்க்க காசியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் கம்பெனிக்கு நெய்கிறவர்களில் கைவேலை சுத்தமானவர். தறியில் பாதிச் சேலை இருந்தது. உட்காரும் முன் கரையில் இருக்கும் பறவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து மாடத்தில் கற்பூரம் எரிந்து கறுத்திருந்தது. இவருடைய முழங்கால் வலி போனது அந்தப் பறவையால்தானாம்.

நான் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அருவருப்பு அவர்மேல் இல்லை.

ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன். தூண், ஸ்கூல் டூர், எல்லாமே பொய், பறவை நானாகப் போட்டது என்று நின்றபடியே சொன்னேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று பையைக்கூடத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போயிருந்தேன்.

முதலாளி திட்டவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, அண்ணனுக்கு மட்டும் என்றேன். அண்ணன் எங்கே இருக்கிறான்? சென்னையில். சரி என்றார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு பொண்ணு போட்டதுன்னு சொன்னா எவன்மா முகூர்த்தத்துக்கு வாங்குவான்? உன் மனசோட வச்சிக்க. மத்தத நான் பார்த்துக்கறேன்" என்றார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கண் கலங்கியவர் இவர்தான். இன்று அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. அவரை அப்படி ஆக்கியது என் பொய்தானா, இல்லை எப்போதுமே அப்படித்தானா?

ஜூலை 6, ஞாயிறு

என்னவென்று ஜெபிப்பது? ஆமென் மட்டும் சொன்னேன்.

ஜூலை 21, திங்கள்

கோயில் தூண்களைச் சுரண்டி முடித்துவிட்டார்களாம். தாமரை, ஒரு குரங்கு, யாரோ கும்பிட்டு நிற்கும் ஒரு மனிதர். பறவை இல்லை. மண்டபத்துத் தூண் ஒன்றில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். முதலாளி இதைச் சொன்னபோது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 26, சனி

முதலாளி கார் அனுப்பினார், வந்து பார் என்று. பொங்கல் வைக்க காசியம்மாள் அக்காவும் அதே காரில் வந்தார். முப்பத்தேழு வயதில் முதல் முறையாக ஒரு கோயிலுக்குள் காலை வைத்தேன். கல் சுட்டது.

வெறுமையாக இருந்த பக்கத்தில் என் பறவை.

திருப்பணிக்கு வந்த சிற்பியிடம் சேலையையே கொடுத்து, இதில் இருப்பதுபோல் இம்மியும் மாறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதரும் சொன்னபடியே செய்திருக்கிறார். கம்ப்யூட்டர் கட்டத்தில் வளைவு வராது, படிப்படியாகத்தான் இறங்கும். தறியிலும் அப்படித்தான் விழும். அந்தப் படிகளையும் விடாமல் கல்லில் எடுத்திருக்கிறார். கழுத்தில் படி. கொண்டையில் படி. எண்ணிப் பார்த்தேன், ஒரு படிகூடக் குறையவில்லை. புதுக் கல்லின் வெள்ளை தெரியாமல் இருக்க விளக்கெண்ணெயும் கரியும் தேய்த்துக் கறுப்பாக்கியிருந்தார்கள். அதற்குள் யாரோ குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சாத்தியிருந்தார்கள்.

அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அழகாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இன்னொரு பொய் ஆகிவிடும்.

அக்கா கையைக் குவிக்கப் போனார். தாங்கவில்லை. வெளியே கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேம், குகை, நோட்டு, பொய், புதுக் கல், எல்லாம். திட்டட்டும் என்று நின்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோயில் தூணுல கீற பறவைக்கு இம்மாம் கோவம் இருக்காதேன்னு எனக்கு அப்பவே ஒரு டவுட்டு. நீயா போட்ட? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பாப்பா?" என்றார்.

பிறகு அவர் பொங்கப்பானையைப் பார்க்கப் போனார். திரும்பிவரும்போது தூண் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அடுத்த சனிக்கிழமை அருணகிரி வருகிறார். முதலாளி ஒப்பித்துக் காட்டச் சொன்னார். ஒன்றாம் கிளாஸ் பிள்ளையைப் போல ஒப்பித்தேன். எந்த வருஷம் டூர், எந்த டீச்சர், எந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நடுவில், "டீச்சர் பேரு வேணாம், அவங்கள போய்க் கேட்டுறப் போறாங்க" என்று திருத்தினார். எவ்வளவு யோசனை.

ஆகஸ்ட் 9, சனி

அருணகிரி நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். வெள்ளை முடி, தோளில் காமிரா. தூணைச் சுற்றி வந்தார். தொட்டார், முகர்ந்தார். விரலில் கரி ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். நோட்டை எடுத்து நாயக்கர் காலம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதை நான் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் முதல்ல பார்த்தீங்களா?" என்றார்.

முதலாளி என் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சு கேட்டது.

"இல்ல சார். இத போன மாசம்தான் செதுக்குனாங்க. படம் நான் போட்டது. தூண்ல பார்த்தேன்னு சொன்னது பொய்."

பையிலிருந்த கிராஃப் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அருணகிரி அதில் இருக்கும் பறவையையும் கல்லில் இருப்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படிகளை விரலால் எண்ணினார். எனக்குள் ஒரு அல்ப ஆசை இருந்ததை மறைக்க மாட்டேன். இந்தப் படித்த மனிதர் இப்போது என் பக்கம் திரும்பி, நீ போட்டதா என்று கேட்பார், என் பெயரை எழுதிக்கொள்வார் என்று.

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "கல்லு புதுசுன்னு தொட்டதுமே தெரிஞ்சிதும்மா. ஆனா கதை நல்லா இருந்தது. நீங்க சொல்லாம இருந்திருந்தா ஒரு பக்கம் போட்டிருப்பேன்" என்றார்.

தெரிந்தே போட்டிருப்பாராம். புத்தகத்தில். பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில். கேள்விக்குறியோடு அந்த வரியையே அடித்துவிட்டு நோட்டை மூடிவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று முதலாளி கூப்பிட்டார். வடை பாயசத்தோடு இருவரும் சாப்பிட்டார்கள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆரணிக்குத் திரும்பி, கம்பெனி வாசலில் இறங்கும்போது முதலாளி கேட்டார்.

"வாயத் தொறக்காம இருந்திருந்தா உனக்கு இன்னா கொறஞ்சி போயிருக்கும்?"

"என் பறவ சார் அது" என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கம்ப்யூட்டரில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். என்னைச் சேலை மடிக்கும் மேசைக்குப் போகச் சொன்னார்கள். மடித்தேன், பத்து மணிவரை. கையில் வந்ததெல்லாம் பறவைச் சேலை. பதினொன்றாவது சேலையைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மூன்று வாரம் எழுதவில்லை. எழுதினால் வெறும் வசவாகத்தான் இருந்திருக்கும்.

முதலாளியின் புது வீடியோ வந்திருக்கிறது. இப்போது தூணையே காட்டுகிறார். அதே நானூறு வருடம். உடம்பு சிலிர்க்கிறது என்று கீழே முந்நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் போட்டது என்று எழுதினேன். அரை மணியில் அழித்துவிட்டார்கள். ஸ்டீவ் போன் பண்ணி, கேம் செட்டை எப்போது திருப்பி அனுப்புவாய் என்கிறான். அவன் தாண்டாத ஆறாம் குகையைப் பற்றி அவனிடம் இன்னும் நான் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்தக் குகையாவது அவனுடையதாகவே இருக்கட்டும்.

இன்று காலையில் காசியம்மாள் அக்கா வந்தார். அம்மா காபி கொடுத்தார். அக்கா கம்பெனிக்கு நெய்வதை விட்டுவிட்டாராம். நெசவாளர் சொசைட்டியில் பெயர் கொடுத்து, பாவு நூல் வாங்கி, வீட்டுத் தறியில் ஏற்றிவிட்டாராம். கரைக்கு ஒரு டிசைன் வேண்டும், ஒரு வாரத்தில் வேண்டும் என்றார்.

என்ன போடுவது என்று கேட்டேன். பறவையா, பூவா, வேறு ஏதாவதா?

"உனுக்கு இன்னா தோணுதோ அத போடு பாப்பா. கண்ண மட்டும் கொஞ்சம் பெருசா வை, நெய்யறப்ப எனக்குத் தெரியணும்" என்றார்.

எங்கே பார்த்து எடுப்பாய் என்று அவர் கேட்கவில்லை.